வீட்டுத் துப்பாக்கி யாரைக் காக்கின்றது?

தஞ்சை ஜில்லாவிலுள்ள நண்பர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கின்றார். அவருடைய மகன் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் உத்தியோகம் பார்த்து, அங்கேயே நிரந்தரமாய்த் தங்க உத்தரவும் பெற்று, மனைவி மக்களோடு சொந்த வீட்டில் குடியிருந்து வருகின்றானாம். வீட்டில் 15 வயதில் ஒரு பையனும் 6 வயதில் ஒரு பெண்ணும் இருக்கின்றார்களாம். சில மாதங்களுக்கு முன் அடுத்த தெருவில் ஒரு வீட்டில் திருடர்கள் புகுந்தது முதல் மகனுக்குச் சரியான தூக்கமில்லை என்றும், ஒரு கைத்துப்பாக்கி வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொள்ளப் போவதாய்ச் சொல்லுகின்றான் என்றும், மருமகள் கூடவே கூடாது என்கின்றாள் என்றும் எழுதிவிட்டு, "ஆண்பிள்ளை இருக்கின்ற வீட்டில் ஓர் ஆயுதம் இருந்தால் தப்பென்ன? இரண்டு பேருக்கும் நான் என்ன பதில் சொல்லுவது? தாங்கள் என்ன சொல்லுகின்றீர்கள்?" என்று கேட்கின்றார்.

இந்தக் கடிதத்திற்குத் தனியே இரண்டு வரி எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் இது அந்த ஒரு வீட்டைப் பற்றிய கேள்வி மாத்திரமல்ல. அந்தத் தேசத்தில் நம்மவர்கள் அனேகர் குடியேறி இருக்கின்றார்கள். அவர்களில் பலருக்கு இந்த யோசனை வந்திருக்கும், இனியும் வரும். தவிரவும், ஒரு பொருள் நம்மைக் காக்கும் என்று நம்பி அதை வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கும்போது, அது இதுவரை யாரைக் காத்தது, எத்தனை தடவை காத்தது, அதனால் கெட்டவர்கள் எத்தனை பேர் என்று கணக்குக் கேட்பதுதான் புத்தியுள்ளவன் செய்யவேண்டிய முதல் வேலை. தாயத்துக் கட்டிக்கொண்டவன் இந்தக் கணக்கைக் கேட்பதில்லை. ஆனால் தாயத்தாவது கையில் சும்மா கிடக்கும். துப்பாக்கி சும்மா கிடக்கின்ற பொருளல்ல.

முதலில் அந்தத் தேசத்து நிலைமையைச் சற்றுத் தெரிந்துகொள்ளுவோம். ஜெனீவாவிலுள்ள ஓர் ஆராய்ச்சி நிலையம் 2018-ம் வருஷத்தில் வெளியிட்ட மதிப்புப்படி, அமெரிக்காவில் பொது ஜனங்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகள் 39 கோடிக்கு மேல். அப்போது அங்கு இருந்த ஜனங்களோ 32½ கோடிதான். அதாவது 100 பேருக்கு 120 துப்பாக்கி. பால் குடிக்கும் குழந்தையையும் சேர்த்து ஆளுக்கு ஒன்று கொடுத்தாலும் மீதி இருக்கும். 1999-ல் இவர்களைப் பார்த்து "எதற்காகத் துப்பாக்கி வைத்திருக்கின்றீர்கள்?" என்று விசாரித்தபோது, ஏறக்குறைய பாதிப் பேர் "வேட்டைக்கு" என்றார்கள், கால்வாசிப் பேர்தான் "தற்காப்புக்கு" என்றார்கள். 2023-ல் விசாரித்தபோது 100-க்கு 72 பேர் தற்காப்புதான் முக்கிய காரணம் என்றார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், 1993-க்கும் 2022-க்கும் இடையில் அந்தத் தேசத்தில் பலாத்காரக் குற்றங்களின் விகிதம் ஏறக்குறைய பாதியாய்க் குறைந்து போயிற்று. குற்றம் குறையக் குறைய பயம் வளர்ந்திருக்கின்றது! பயத்தை வளர்த்து வியாபாரம் செய்கின்ற கூட்டம் எந்தத் தேசத்திலும் உண்டு என்பதற்கு இது ஒன்றே போதும்.

"ஐயா, அது எங்கள் உரிமை" என்று அங்குள்ளவர்கள் சொல்லுவார்கள். வாஸ்தவம். 1791-ல் அவர்கள் தங்கள் அரசியல் சட்டத்தில் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைப் பற்றி ஒரு திருத்தம் சேர்த்துக் கொண்டார்கள். அந்த உரிமை படைக்கு மாத்திரமா, தனி மனிதனுக்குமா என்று வெகுகாலம் வாதம் நடந்து, கடைசியாக 2008-ல் அவர்களுடைய சுப்ரீம் கோர்ட்டில் 9 நீதிபதிகளில் 5 பேர் சேர்ந்து, தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தனி மனிதனுக்கு உரிமை உண்டென்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்த உரிமையைப் பற்றி நமக்கு இங்கு வழக்கில்லை. ஆனால் உரிமை உண்டா என்பது வேறு, அதைச் செய்வது புத்தியா என்பது வேறு. கடன் வாங்க எவனுக்கும் உரிமை உண்டு. அதனால் கடன் வாங்குவது புத்திசாலித்தனம் ஆகிவிடுமா? கோர்ட்டு கேட்ட கேள்வி முதலாவது. நமது நண்பர் கேட்பது இரண்டாவது.

இனி விஷயத்திற்கு வருவோம். துப்பாக்கி வேண்டும் என்பவர் மனதில் எப்போதும் ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கின்றது. நடுநிசி. கதவை உடைக்கும் சத்தம். வீட்டுக்காரன் எழுந்திருக்கின்றான். தலைமாட்டிலிருந்து துப்பாக்கியை எடுக்கின்றான். திருடன் ஓடுகின்றான், அல்லது விழுகின்றான். பெண்டு பிள்ளைகள் பிழைக்கின்றார்கள். இந்தப் படத்தில் வீட்டுக்காரனுக்குத் தூக்கக் கலக்கம் கிடையாது. கை நடுக்கம் கிடையாது. இருட்டில் வருகின்றவன் திருடனா, நேரங்கழித்து வீட்டுக்கு வரும் சொந்த மகனா என்ற சந்தேகம் கிடையாது. குறி தப்பிய குண்டு சுவரைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறையில் படுத்திருக்கும் குழந்தையிடம் போவது கிடையாது. திருடனிடத்திலும் துப்பாக்கி இருக்குமே என்பதும் கிடையாது.

அந்தப் படம் ஒரு இரவின் படம். திருடன் ஒரு இரவு வரலாம். ஆயுள் முழுவதும் வராமலே போகலாம். துப்பாக்கியோ வருஷத்தில் 365 நாளும் வீட்டில் இருக்கப் போகின்றது. புருஷன் பெண்சாதி சண்டை நடக்கின்ற அன்றும் அது இருக்கும். வேலை போய்விட்டது என்று வீட்டுக்காரன் குடித்துவிட்டு வருகின்ற அன்றும் இருக்கும். பையன் பரீட்சையில் தோற்றுப்போய் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கின்ற அன்றும் இருக்கும். குழந்தை மேஜை அறையைத் திறந்து விளையாடுகின்ற அன்றும் இருக்கும். ஆகவே துப்பாக்கியின் யோக்கியதையைத் தீர்மானிக்க வேண்டுமானால் அந்த ஒரு இரவை மாத்திரம் பார்த்தால் போதாது. இந்த 365 நாளையும் பார்க்க வேண்டும்.

"பூட்டி வைத்துக்கொள்ளுகின்றேன்" என்று சொல்லலாம். தோட்டாவை எடுத்து வேறு பெட்டியில் வைத்து, இரண்டையும் பூட்டிச் சாவியை மறைத்து வைத்தால், குழந்தைகளுக்கு அபாயம் குறையும் என்பது மெய்தான். ஆனால் திருடன் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தபின், "கொஞ்சம் பொறப்பா, சாவி எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டு வருகின்றேன்" என்று சொன்னால் அவன் காத்திருப்பானா? காத்திருக்க மாட்டான் என்பதற்காகத் தோட்டாவைப் போட்டுத் தலைமாட்டில் வைத்தால், அது திருடன் கைக்கு எட்டுவதற்கு முன் குழந்தையின் கைக்கு எட்டும். அதாவது, வீட்டாருக்கு அபாயமில்லாத துப்பாக்கி திருடனுக்கும் அபாயமில்லாதது. திருடனுக்கு ஆயத்தமாயிருக்கும் துப்பாக்கி வீட்டாருக்கும் ஆயத்தமாயிருக்கின்றது. விரலடையாளம் பார்த்து உடனே திறக்கின்ற பெட்டிகள் இப்போது வந்திருக்கின்றன என்பார்கள். இருக்கட்டும். அதனால் இந்தச் சங்கடம் சிறிது குறையுமேயொழிய அடியோடு போய்விடாது. ஏனென்றால் அந்தப் பெட்டி வீட்டுக்காரனுடைய விரலுக்குத் திறந்தே தீரும். அவனுடைய கோபத்திற்கும் துக்கத்திற்கும் தனி விரலா இருக்கின்றது?

நிற்க. வாதத்தை விட்டுக் கணக்குக்கு வருவோம். அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்தில், சியாட்டில் பட்டணம் அடங்கிய கிங் ஜில்லாவில், 1978 முதல் 1983 வரை 6 வருஷங்களில் துப்பாக்கியால் நேர்ந்த சாவுகளை இரண்டு டாக்டர்கள் ஒவ்வொன்றாய் எடுத்துப் பரிசோதித்து, 1986-ல் ஒரு வைத்தியப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். துப்பாக்கி இருந்த வீட்டிலேயே நேர்ந்த சாவுகள் மொத்தம் 398. இதில் வீட்டுக்குள் நுழைய முயன்றபோது சுடப்பட்டுச் செத்தவர்கள் எத்தனை பேர் என்று நினைக்கின்றீர்கள்? இரண்டே பேர். வேறு விதமான தற்காப்பில் கொல்லப்பட்டவர்கள் 7 பேர். ஆக 9. மற்றவர்கள் யார்? தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள் 333 பேர். கொலையுண்டவர்கள் 41 பேர். கைதவறிச் சுடப்பட்டவர்கள் 12 பேர். அதாவது தற்காப்புக்காக நேர்ந்த ஒவ்வொரு சாவுக்கும், வீட்டாரும் அவர்களைச் சேர்ந்தவர்களுமாக ஏறக்குறைய 43 பிணங்கள் விழுந்திருக்கின்றன. எந்தக் காவற்காரனாவது ஒரு திருடனைப் பிடிக்க வீட்டார் 43 பேரைக் கொன்றான் என்றால், அவனை எந்த முட்டாளாவது இரண்டாவது மாதம் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளுவானா?

இந்தக் கணக்கின் பேரில் சொல்லப்படும் ஆக்ஷேபணையையும் மறைக்காமல் சொல்லவேண்டியது நமது கடமை. "நீங்கள் பிணத்தை மாத்திரம் எண்ணுகின்றீர்கள். துப்பாக்கியைக் கண்டே பயந்து ஓடிப்போன திருடர்களை எண்ணவில்லையே!" என்கின்றார்கள். இது நியாயமான ஆக்ஷேபணைதான். ஓடினவனையும் எண்ணத்தான் வேண்டும். ஆனால் எப்படி எண்ணுவது? 1995-ல் இரண்டு பேராசிரியர்கள் டெலிபோன் மூலம் சில ஆயிரம் பேரை விசாரித்து, வருஷத்தில் 25 லட்சம் தடவை வரை துப்பாக்கி தற்காப்புக்கு உதவுகின்றது என்று சொன்னார்கள். சர்க்கார் நடத்தும் குற்ற விசாரணைக் கணக்கோ பெரும்பாலும் 1 லட்சத்திற்கும் குறைவாகவே சொல்லுகின்றது. 2007 முதல் 2011 வரையுள்ள அந்த சர்க்கார் கணக்குப்படி, பலாத்காரத்திற்கு ஆளாகி உயிர் பிழைத்தவர்களில் தன் துப்பாக்கியைக் காட்டியோ சுட்டோ காத்துக் கொண்டவர்கள் 100-க்கு ஒருவர்தான். ஆகவே துப்பாக்கி ஒருக்காலும் உதவாது என்று நாம் சொல்லவரவில்லை. சில வேளைகளில் உதவியிருக்கின்றது. உதவி சில்லறையாகவும் செலவு மொத்தமாகவும் இருக்கின்றது என்றுதான் சொல்லுகின்றோம்.

பழைய கணக்கு என்று தள்ளிவிடலாமா என்றால் அதுவும் முடியாது. 1993-ல் மூன்று ஜில்லாக்களில் செய்த பரிசோதனையில், துப்பாக்கி இருக்கும் வீட்டில் கொலை நேரும் அபாயம் அது இல்லாத வீட்டைவிட 2.7 மடங்கு என்று கண்டார்கள். அந்தக் கொலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்தவர்கள் எங்கிருந்தோ வந்த திருடர்களல்ல, உறவினரும் தெரிந்தவர்களுமே. பிறகு கலிபோர்னியா மாகாணத்தில் 2004 முதல் 2016 வரை கோடிக்கணக்கான ஜனங்களின் பதிவுகளை வைத்துக்கொண்டு செய்த பெரிய ஆராய்ச்சிகள் 2020-லும் 2022-லும் வெளிவந்தன. சொந்தக் கைத்துப்பாக்கியுள்ள ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளுவது அது இல்லாத ஆண்களைவிட 8 மடங்கு. பெண்கள் விஷயத்தில் 35 மடங்கு. தான் துப்பாக்கி வாங்காமல், வாங்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள் கொலையுண்ணும் அபாயம் இரண்டு மடங்குக்கு மேல். அவர்கள் வீட்டிலேயே தங்கள் துணைவர் கையால் சுடப்பட்டுச் சாகும் அபாயம் 7 மடங்கு. அப்படிச் செத்தவர்களில் 100-க்கு 84 பேர் பெண்கள்.

இந்தக் கடைசிக் கணக்கை நமது நண்பர் இரண்டு தடவை படிக்கவேண்டும். "பெண்டு பிள்ளைகளைக் காப்பாற்றத் துப்பாக்கி" என்று சொல்லித்தான் ஆண்கள் வாங்குகின்றார்கள். பெண்டு பிள்ளைகளோ அதே துப்பாக்கிக்கு இரையாகின்றார்கள். அடிக்கின்ற புருஷனுடைய கைக்குத் துப்பாக்கி எட்டுமானால் பெண்சாதி கொலையுண்ணும் அபாயம் 5 மடங்காகின்றது என்று 2003-ல் வெளிவந்த மற்றொரு ஆராய்ச்சி சொல்லுகின்றது. உடனே நண்பர், "என் மகன் அப்பேர்ப்பட்டவனல்ல" என்பார். நாமும் அப்படியே நம்புகின்றோம். ஆனால் கொலை செய்த புருஷர்களின் தகப்பனார்களும் அதற்கு முந்தின நாள் வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள்.

இதில் எல்லாவற்றிலும் பெரிய தொகை தற்கொலைதான் என்பதைக் கவனிக்கவேண்டும். 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். இதில் தற்கொலை 26,328, கொலை 20,958. பத்திரிகைகளில் கொலைதான் பெரிய எழுத்தில் வருகின்றது; தற்கொலை வீட்டுக்குள்ளேயே அடக்கமாகிவிடுகின்றது. இதற்கு வழக்கமாய்ச் சொல்லும் சமாதானம், "சாகத் துணிந்தவன் துப்பாக்கி இல்லாவிட்டால் வேறு வழியில் சாவான்" என்பதாகும். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கின்றது. ஆனால் அது பொய்யென்று பிரத்தியட்சமாய்த் தெரிந்திருக்கின்றது. சாகவேண்டுமென்ற எண்ணம் பெரும்பாலும் ஒரு புயல் போன்றது. வருகின்றது, சில நிமிஷங்களோ சில நாட்களோ அடிக்கின்றது, போய்விடுகின்றது. அந்தப் புயலைத் தாண்டிப் பிழைத்தவர்களில் 10-க்கு 9 பேர் பிற்பாடு தற்கொலையால் சாவதில்லை. ஆனால் துப்பாக்கியை எடுத்தவர்களில் ஏறக்குறைய 10-க்கு 9 பேர் பிழைப்பதே இல்லை. மனம் மாற அது அவகாசம் கொடுப்பதில்லை.

இஸ்ரேல் தேசத்துப் பட்டாளத்தில் வாலிபச் சிப்பாய்கள் வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு போவது வழக்கமாயிருந்தது. 2006-ல் அதைக் கூடாதென்று நிறுத்தினார்கள். வேறொன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை. சிப்பாய்களின் தற்கொலை 100-க்கு 40 வீதம் குறைந்துபோயிற்று. நமக்குப் பக்கத்திலுள்ள இலங்கையில் துப்பாக்கிக்குப் பதில் பூச்சி மருந்து இருந்தது. 1995 முதல் மிகக் கொடிய பூச்சி மருந்துகளை ஒவ்வொன்றாய்த் தடுத்தார்கள். அந்த வருஷத்தில் 1 லட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை, 2005-ல் 24 ஆக இறங்கிவிட்டது. ஜனங்களின் துக்கமெல்லாம் பத்து வருஷத்தில் பாதியாய்ப் போய்விட்டதா? இல்லை. துக்கம் வந்த வேளையில் கைக்கெட்டிய இடத்தில் எமன் இல்லை, அவ்வளவுதான். வீட்டில் 15 வயதுப் பையன் இருக்கின்றான் என்று நண்பர் எழுதியிருப்பதால் இதைச் சற்று விரிவாய்ச் சொன்னோம். அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகள் சாகும் காரணங்களில் 2020 முதல் துப்பாக்கிதான் முதல் இடத்தில் வந்து நிற்கின்றது. மோட்டார் விபத்தைக்கூட அது பின்னே தள்ளிவிட்டது.

இனி, "திருடன்" என்று நினைத்துச் சுடப்பட்டவர்கள் கதைக்கு ஒரு உதாரணம் சொல்லுகின்றோம். 1992-ம் வருஷம் அக்டோபர் 17-ந் தேதி லூசியானா மாகாணத்தில் பேட்டன் ரூஜ் என்ற ஊரில், படிப்புக்காக ஜப்பானிலிருந்து வந்திருந்த 16 வயது மாணவன் ஒருவன், மாறுவேடம் பூண்டு கொண்டாடும் ஒரு விருந்துக்குப் போகப் புறப்பட்டு, வீட்டு நெம்பர் தவறி வேறொரு வீட்டு மணியை அடித்துவிட்டான். கதவைத் திறந்த வீட்டுக்காரி பயந்துபோய்ப் புருஷனைத் துப்பாக்கி எடுக்கச் சொன்னாள். அவன் எடுத்துக்கொண்டு வந்து "அசையாதே" என்று இங்கிலீஷில் கத்தினான். பையனுக்கு அது சரியாய் விளங்கவில்லை. விருந்துக்கு வந்திருப்பதாய்ச் சொல்லிக்கொண்டே சிரித்த முகத்தோடு முன்னே வந்தான். ஒரே குண்டு. பையன் செத்தான். 1993-ல் ஜூரிகள் வீட்டுக்காரனைக் குற்றவாளி அல்ல என்று விடுதலை செய்தார்கள். நஷ்டஈட்டு வழக்கில் மாத்திரம் 1994-ல் 6½ லட்சம் டாலர் கொடுக்கும்படி தீர்ப்பாயிற்று. பையனுடைய பெற்றோர் 17 லட்சம் ஜப்பானியர் கையெழுத்திட்ட விண்ணப்பத்தைக் கொண்டுபோய் அமெரிக்க ஜனாதிபதியிடம் கொடுத்தார்கள். அந்த வீட்டுக்காரன் பெரிய கொடியவன் என்று நாம் சொல்லவில்லை. பயந்தவன், அவ்வளவுதான். பயந்தவன் கையில் தடி இருந்திருந்தால் அந்தப் பையன் மண்டையில் ஒரு கட்டோடு வீடு திரும்பியிருப்பான். மற்றொன்றும் யோசிக்கவேண்டும். பாஷை சரியாய் விளங்காத, நிறம் வேறான அந்நியன்தான் அங்கே முதலில் சந்தேகத்திற்கு ஆளாகின்றவன். அந்தத் தேசத்தில் நம்மவர்கள் கதவுக்கு உள்ளே நிற்பவர்களாய் மாத்திரமா இருக்கின்றார்கள்? கதவுக்கு வெளியே நின்று மணியடிப்பவர்களாயும் இருக்கின்றார்களே!

இவ்வளவு கணக்கு இருந்தும் ஜனங்களுக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்கலாம். கணக்குப் பார்க்க வேண்டாம் என்று தடுத்தவர்கள் இருந்தார்கள். மேலே சொன்ன ஆராய்ச்சிகளில் பழையவை வெளிவந்தபின் துப்பாக்கிக் கட்சியாருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. 1996-ல் அமெரிக்கக் காங்கிரசில், நோய்த் தடுப்பு இலாகாவின் பணத்தைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவாய்ச் செலவிடக்கூடாது என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்கள். அதோடு விடாமல், அதற்கு முந்திய வருஷம் துப்பாக்கி ஆராய்ச்சிக்குச் செலவான 26 லட்சம் டாலரை அப்படியே வெட்டினார்கள். அதன்பின் 20 வருஷத்திற்கு மேலாக அந்த இலாகா இந்த விஷயத்தைத் தொடவே பயந்தது. 2019-ம் வருஷக் கடைசியில்தான் மறுபடியும் இதற்கென்று பணம் ஒதுக்கப்பட்டது. இதில் கவனிக்கத்தக்கது என்னவென்றால், அந்த நிபந்தனையைக் கொண்டுவந்த காங்கிரஸ் அங்கத்தினரே 2012-ல் தாம் செய்தது தப்பென்றும் ஆராய்ச்சி நடக்கவேண்டுமென்றும் பகிரங்கமாய் எழுதினார். ஒரு பொருள் உண்மையில் நம்மைக் காக்குமானால், அதைப் பற்றிய கணக்கைக் கண்டு அதை ஆதரிப்பவர்கள் ஏன் பயப்படவேண்டும்?

எல்லா வாதங்களிலும் பலமானது ஒன்று பாக்கியிருக்கின்றது. "பலசாலிக்குப் போலீசும் கோர்ட்டும் இருக்கின்றன. தாழ்த்தப்பட்டவனுக்கு யார் இருக்கின்றார்கள்? அவன் கையிலுள்ள ஆயுதத்தையும் பிடுங்கலாமா?" என்பதே அது. இதை அலட்சியமாய்த் தள்ளிவிட நமக்கு மனம் வராது. அடிமைத்தனம் ஒழிந்த 1865-ம் வருஷத்திலேயே மிஸிஸிப்பி மாகாணத்து வெள்ளையர்கள் முதல் காரியமாக, விடுதலையடைந்த நீக்ரோக்கள் உத்தரவில்லாமல் துப்பாக்கி வைத்துக்கொள்ளக்கூடாது என்று சட்டம் செய்தார்கள். இந்தியாவிலும் வெள்ளைக்கார சர்க்கார் 1878-ல் ஆயுதச் சட்டம் செய்து நம்மவர்களுக்கு உத்தரவுச் சீட்டு வேண்டும் என்று விதித்து, ஐரோப்பியர்களுக்கு மாத்திரம் விலக்குக் கொடுத்தது. 1892-ல் தன் சிநேகிதர்களை வெள்ளையர் கூட்டம் அநியாயமாய்க் கொன்றதைக் கண்ட ஐடா வெல்ஸ் அம்மையார், ஒவ்வொரு கறுப்பர் வீட்டிலும் ஒரு துப்பாக்கிக்கு மரியாதையான இடம் இருக்கவேண்டும் என்று எழுதினார். கூட்டம் கூட்டமாய் வந்து வீட்டைக் கொளுத்துகின்ற காலத்தில், போலீசும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து நிற்கின்ற ஊரில், அந்த அம்மையார் சொன்னதைத் தப்பென்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கின்றது?

ஆனால் அந்த வரலாற்றிலேயே மேற்கொண்டும் பார்க்கவேண்டும். 1956-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் வெடிகுண்டு வீசினார்கள். அவர் துப்பாக்கி எடுத்துச் செல்ல உத்தரவு கேட்டார், சர்க்கார் மறுத்தது. வீட்டில் துப்பாக்கி இருந்தது. பிறகு அவரும் அவர் மனைவியும் கலந்து யோசித்து அதை அகற்றிவிட்டார்கள். துப்பாக்கி வீட்டில் இருந்தபோதுதான் தமக்குப் பயம் அதிகமாயிருந்தது என்று அவரே பிற்பாடு எழுதியிருக்கின்றார். 1964-ல் லூசியானாவில் ஜோன்ஸ்பரோ என்ற ஊரில் கறுப்பர்கள் ஆயுதந்தாங்கிய காவற்சங்கம் ஒன்று ஏற்படுத்தினார்கள். அது உதவியது. ஆனால் அதைப் பாருங்கள்: பல பேர் ஒன்று கூடி, கட்டுப்பாட்டோடு, முறை வைத்து, விழித்திருந்து காத்த காவல் அது. தலையணைக்குக் கீழ் ஒருவன் ஒளித்துவைத்துக்கொண்டு தூங்குகின்ற துப்பாக்கி அல்ல. ஊர் கூடிக் காப்பது வேறு. ஒருவன் பயத்தால் வாங்குவது வேறு. மேலும் நண்பருடைய மகன் வீட்டைக் கொளுத்த எந்தக் கூட்டமும் வரவில்லை. அடுத்த தெருவில் ஒரு திருட்டு நடந்திருக்கின்றது.

ஆகவே நண்பருக்கு நமது பதில் இதுதான். மகனுடைய பயத்தைப் பரிகாசம் செய்யவேண்டாம். பயம் மெய்யானது. ஆனால் அதற்கு மருந்து துப்பாக்கி அல்ல. கதவும் தாழ்ப்பாளும் பலமாயிருக்கட்டும். வாசலில் ஆளைக் கண்டால் எரியும் விளக்கும், கதவு உடைந்தால் கூவும் மணியும் வைக்கட்டும். நாய் ஒன்று வளர்க்கட்டும். அண்டை வீட்டாரோடு பழகட்டும். சத்தம் கேட்டால் எல்லோரும் ஒரு அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு போலீசைக் கூப்பிடுவதென்று முன்னாடியே பேசி வைத்துக்கொள்ளட்டும். திருடன் பொருளைக் கொண்டுபோனால் போகட்டும். பொருளை மறுபடியும் வாங்கலாம். இவற்றில் எதுவும் துக்கமான நாளில் வீட்டாரைக் கொல்லாது. எவ்வளவு சொல்லியும் அவன் வாங்கியே தீருவான் என்றால், தோட்டாவைக் கழற்றி வேறாய் வைத்து இரண்டையும் பூட்டட்டும். சாவி இருக்குமிடம் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டாம். அப்படி வைத்திருக்கும் வீடுகளில் பிள்ளைகளுக்கு அபாயம் குறைவென்று 2005-ல் வெளிவந்த ஆராய்ச்சி சொல்லுகின்றது. வீட்டில் யாருக்காவது மனம் உடைந்திருந்தால் அன்றே அதை வீட்டைவிட்டு வெளியேற்றி வேறு இடத்தில் ஒப்புவிக்கட்டும். மனம் உடைந்தவரோடு உட்கார்ந்து பேசட்டும். டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போகட்டும்.

கடைசியாக ஒன்று. நண்பர் கடிதத்தில் "ஆண்பிள்ளை இருக்கின்ற வீடு" என்று எழுதியிருக்கின்றார். அந்த வீட்டில் மருமகளும் இருக்கின்றாள். துப்பாக்கி வந்தால் அதிக அபாயம் யாருக்கென்று மேலே கணக்குக் காட்டியிருக்கின்றோம். அபாயம் யாருக்கு அதிகமோ அவர்களுடைய சொல்லுக்குத்தான் அந்த வீட்டில் மதிப்பு அதிகமாயிருக்கவேண்டும். அவள் கூடாதென்று சொல்லிவிட்டாள். மாமனாரும் புருஷனும் கூடி யோசித்து முடிவு கட்டுவதற்கு இதில் மிச்சம் என்ன இருக்கின்றது? மருமகள் சொல்லுவதே சரி என்று மகனுக்கு எழுதிவிடும்படி நண்பரைக் கேட்டுக்கொள்ளுகின்றோம்.